பிளேஆஃபில் விசில் யார் கையில்?

2024 மார்ச். அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் பள்ளிக் கூடைப்பந்து அரையிறுதி. கேம்டன் பள்ளி ஒரு புள்ளி முன்னிலை. கடைசி நொடியில், வளையத்தில் பட்டு வந்த பந்தை மனாஸ்குவான் பள்ளிப் பையன் ஒருவன் பிடித்துக் கூடைக்குள் போடுகிறான். புள்ளி உண்டு என்று நடுவர் கை காட்டுகிறார். மனாஸ்குவான்காரர்கள் துள்ளிக் குதிக்கிறார்கள். பிறகு நடுவர்கள் கூடிப் பேசி, நேரம் முடிந்துதான் பந்து கையை விட்டது, செல்லாது என்கிறார்கள். 46-45, கேம்டன் வெற்றி. வீடியோவைப் பார்த்தால் பந்து நேரத்துக்குள்ளேயே கிளம்பியிருக்கிறது. மாநிலச் சங்கமே தவறை ஒப்புக்கொண்டது. ஆனால் வீடியோ பார்த்துத் தீர்ப்பை மாற்ற அப்போது அங்கே விதியில் இடமிருக்கவில்லை. நடுவர்கள் களத்தை விட்டு வெளியேறினால் ஆட்டம் முடிந்தது, அவ்வளவுதான். கோர்ட்டுக்குப் போயும் பலிக்கவில்லை.

இப்படி ஒன்று நடந்தால் அரங்கில் முதலில் எழும் குரல், “யாருப்பா இவங்களை அனுப்பினது?” கோபத்தில் கேட்பது என்றாலும் நல்ல கேள்வி. டீ ஆறுவதற்குள் விடையைத் தேடிப் பார்ப்போம்.

டெல்லியில் ஓர் அலுவலகம் இருந்து நாடு முழுவதும் ஆணை போகும் பழக்கத்தில் வளர்ந்த நமக்கு, அமெரிக்கப் பள்ளி விளையாட்டு கொஞ்சம் விசித்திரமாகத் தெரியும். 1920-இல் தொடங்கிய ஒரு தேசியக் கூட்டமைப்பு உண்டு, இண்டியானாபொலிஸில். பெரும்பாலான ஆட்டங்களுக்கு விதிப்புத்தகம் எழுதுவது அதுதான். ஆனால் நடுவரை அது அனுப்புவதில்லை. 50 மாநிலங்களுக்கும் தலைநகர் வாஷிங்டனுக்கும் தனித்தனிச் சங்கங்கள் இருக்கின்றன. பருவ முடிவில் வரும் பிளேஆஃப், அதாவது தோற்றால் வெளியேறும் சுற்று, நடத்துவதும் நடுவரைப் போடும் முறையை வகுப்பதும் அவற்றின் பொறுப்பு.

அடுத்து, இந்த நடுவர்கள் யார்? பகலில் ஆசிரியர், போலீஸ்காரர், இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். மாலையில் கோடுபோட்ட சட்டை. ஓர் ஆட்டத்துக்குக் கிடைப்பது பெரும்பாலும் நூறு டாலரைச் சுற்றித்தான். பெட்ரோல் போக என்ன மிஞ்சும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். சாதாரணப் பருவ ஆட்டங்களில், அந்தந்த வட்டாரத்துக்கு ஆட்களை ஒதுக்கிக் கொடுக்கும் ஒருவர் இருப்பார். அவர் கைகாட்டும் நடுவர் வருவார், உள்ளூர்ப் பள்ளி பணம் கொடுக்கும். ‘அவங்க காசு, அவங்க ஆளு’ என்ற முணுமுணுப்பு தொடங்குவது இங்கேதான். பிளேஆஃப் வந்ததும் பெரும்பாலான மாநிலங்களில் இந்தப் பொறுப்பு மாநிலச் சங்கத்தின் கைக்குப் போய்விடும்.

சங்கம் முதலில் ஒரு பெரிய பட்டியல் போடும். அதில் இடம்பெற, பதிவு செய்திருக்க வேண்டும், அந்த ஆண்டு விதிக் கூட்டத்துக்குப் போயிருக்க வேண்டும், எழுத்துத் தேர்வு எழுதியிருக்க வேண்டும், பிளேஆஃப் தேதிகளில் ‘நான் வரலாம்’ என்று முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். இல்லினாய் மாநிலத்தில் நடுவருக்கு மூன்று படிகள் உண்டு. புதிதாக வருபவர் கீழ்ப்படியில் நின்று, மேலேற ஆண்டுக்கணக்கில் காத்திருப்பார். அங்கே தேர்வில் எடுத்த மார்க், அனுபவம், பயிற்சி முகாம், எல்லாவற்றையும் கூட்டி ஒரு மதிப்பெண் வருகிறது. அந்தக் கூட்டலில் கோச்சுகள் போடும் மார்க்கும் சேரும். இல்லினாயில் மட்டுமல்ல, மிச்சிகன், ஒஹையோ என்று பல மாநிலங்களில் கோச்சுகளின் அல்லது பள்ளிகளின் கருத்துக்கு எடை உண்டு.

எல்லோரும் வழுக்கும் இடம் இதுதான். கோச் மார்க் போடுகிறார் என்றதும், “அப்படியானால் கோச்சுக்கு வேண்டியவர்தானே பிளேஆஃபுக்கு வருவார்?” என்று தோன்றும். தோன்றாவிட்டால்தான் ஆச்சரியம். கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்ப்போம். ஒரு நடுவர் ஒரு பருவத்தில் இருபது ஆட்டம் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆட்டத்துக்கு இரண்டு கோச், ஆக நாற்பது மார்க். ஒவ்வோர் ஆட்டத்திலும் ஒருவர் தோற்றிருப்பார், கடுகடுவென்று போடுவார். ஜெயித்தவர் தாராளமாகப் போடுவார். எல்லா நடுவருக்கும் நடப்பது இதுதான் என்பதால் பெரும்பகுதி சராசரியில் கரைந்துவிடும். நடுவர் ஒரு பக்கம் சாய்ந்தால்? அந்த கோச் மகிழ்ந்து மேலே ஏற்றுவார், எதிர் கோச் அதே வேகத்தில் கீழே இறக்குவார். கடைசியில் கையில் ஒன்றும் நிற்காது.

இன்னொன்றும் இருக்கிறது. மார்க் கொண்டுபோய் விடுவது வாசல் வரைக்கும்தான். பட்டியலுக்குள் வந்தவருக்கு எந்த ஆட்டம் என்பதைச் சங்கம் தீர்மானிக்கும்போது கேள்விகளே வேறு. அந்தப் பள்ளியில் படித்தவரா? பிள்ளை அங்கே படிக்கிறதா? அதே ஊரா? இந்த ஆண்டு அந்த அணியைப் பலமுறை பார்த்துவிட்டாரா? இரவு ஆட்டத்துக்கு எத்தனை மணி நேரம் வண்டி ஓட்டி வர வேண்டும்? நம் பொதுத்தேர்வு அறைக்கு வேறு பள்ளி ஆசிரியரைக் கண்காணிப்பாளராக அனுப்புவதில் உள்ள அதே எச்சரிக்கைதான். அதனால் மிக அதிக மார்க் வாங்கியவர் தன் ஊர் அணி இறுதிக்கு வந்துவிட்ட ஒரே காரணத்தால் வீட்டில் உட்கார நேரலாம்.

ஃபுட்பாலில், அதாவது அவர்களுடைய முட்டைப் பந்து ஆட்டத்தில், ஐந்து பேர் சேர்ந்த குழுவையே மொத்தமாகத் தேர்ந்தெடுப்பது பல இடங்களில் வழக்கம். வெள்ளைத் தொப்பி போட்டவர் தலைவர், மற்றவர்களுக்குக் கறுப்புத் தொப்பி. பருவம் முழுக்க ஒரே காரில் போய்வந்த ஐவருக்கு யார் எந்தக் கோணத்தைப் பார்க்கிறார் என்று பேசாமலே தெரியும். கூடைப்பந்தில் தனித்தனியாகப் பொறுக்கி மூவரைச் சேர்ப்பது உண்டு; அறிமுகமில்லாத மூவர் உடை மாற்றும் அறையில் முதல்முறை கைகுலுக்கிவிட்டுக் களமிறங்கலாம். எனக்கு இது அவ்வளவாகப் பிடிக்காத ஏற்பாடு.

டெக்சாஸ் தனி ராஜ்ஜியம். அங்கே ஃபுட்பால் பிளேஆஃபில் மோதப்போகும் இரு பள்ளிகளும் பேசி ஒத்துக்கொண்டுதான் நடுவர்களை வரவழைக்கின்றன. மைதானம் எது என்பதில் இழுபறி என்றால் காசைச் சுண்டுவார்கள். ஹூஸ்டன் பள்ளியும் சான் அன்டோனியோ பள்ளியும் மோதினால், ஆஸ்டின் நகர நடுவர்களைக் கூப்பிடுவோம் என்று பேசி முடிக்கலாம். தோற்ற பிறகு ‘யார் அனுப்பினது’ என்று கத்த முடியாது. ஒப்புக்கொண்டவர்களில் நம் கோச்சும் ஒருவர்.

கோச் மார்க்கில் குறையே இல்லையா? உண்டு, ஆனால் நாம் சந்தேகப்பட்ட குறை அல்ல. கோச்சின் கண் பந்தோடு போகும். மூன்று கூடைப்பந்து நடுவர்களில் பந்தைப் பார்ப்பவர் பொதுவாக ஒருவர்தான். மற்ற இருவரின் கண், பந்து இல்லாத இடத்தில் ஒருவன் இன்னொருவன் சட்டையைப் பிடித்து இழுக்கிறானா என்பதில் இருக்க வேண்டும். அந்த வேலையைச் செம்மையாகச் செய்பவரை யாருமே கவனிக்க மாட்டார்கள், கோச் உட்பட. அடிக்கடி பார்த்த முகத்துக்கு நல்ல மார்க் விழும், சின்ன ஊரில் ஊதும் புதியவருக்கு விழாது. பழைய நடுவர் ஒருவர் மாடியில் உட்கார்ந்து, விசில் ஊதும்போது இவர் எங்கே நின்றார் என்று குறித்துக்கொண்டால் உண்மை தெரியும். சில இடங்களில் அதையும் செய்கிறார்கள். ஆனால் எல்லா ஆட்டத்துக்கும் அப்படி ஆள் வைக்கப் பணத்துக்கு எங்கே போவது?

பணத்தைவிட ஆள் பஞ்சம் பெரிது. 2018-19 பருவத்துக்குப் பிந்தைய சில ஆண்டுகளில் மட்டும் ஏறத்தாழ 50,000 பேர் பள்ளி நடுவர் வேலையை விட்டுவிட்டார்கள் என்று தேசியக் கூட்டமைப்பு சொன்னது. அரங்கிலிருந்து பெற்றோர் கத்தும் வசவுகளுக்கு இதில் பெரிய பங்கு. வெள்ளி இரவு எல்லா ஆட்டத்துக்கும் நடுவர் போதாமல், சில ஆட்டங்களை வியாழனுக்குத் தள்ளிய ஊர்கள் உண்டு. அந்த வியாழன் ஆட்டத்திலேயே வசவு வாங்கி ஒதுங்கும் இளைஞர், பிளேஆஃப் பட்டியல் வரைக்கும் வரப்போவதில்லை.