மூன்று நாட்டுக்கும் ஒரே கேள்விக்குறி

கொல்லிமலையில் ‘நாடு’ என வழங்கும் ஊர்ப் பகுதிகளான ஆலத்தூர் நாடு, வளப்பூர் நாடு, தேவானூர் நாடு ஆகியவற்றின் பெயர்களைப் பழைய இணையப் படிவம் ஒன்றில் தமிழில் தட்டிச் சேமித்தால், மூன்றும் ஒன்றாகிவிடக்கூடும்: எட்டுக் கேள்விக்குறி, ஓர் இடைவெளி, பிறகு நான்கு கேள்விக்குறி. யூனிகோடில் புள்ளி, கால், கொம்பு எல்லாவற்றுக்கும் தனி எண் உண்டு. அப்படி எண்ணினால் மூன்று பெயர்களும் ஒரே நீளம். லத்தீன் எழுத்துகளுக்கு மட்டும் இடம் வைத்த டேட்டாபேஸ் அட்டவணை, தெரியாத எண் ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்விக்குறியைப் போட்டுவிட்டு அசலை எறிந்துவிடுகிறது. குண்டூர், சித்தூர் நாடுகளின் கதியும் இதுதான், அவற்றுக்கும் எட்டெட்டு; அரியூருக்கு ஏழு.

இதைக் கண்டதும் பலர் பக்கத்தைக் காட்டும் டெம்ப்ளேட்டைத்தான் கிண்டுகிறார்கள். அங்கே நோண்டிப் பயனில்லை. முதலில் டேட்டாபேஸைத் திறந்து பார்க்க வேண்டும். அங்கேயும் கேள்விக்குறி என்றால் பெயர் போய்விட்டது. பழைய காப்புப் பிரதியோ காகித விண்ணப்பமோதான் கதி. மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் 2018இல் 8.0 பதிப்பு வரும்வரை, நாம் மாற்றாவிட்டால் எழுத்துமுறை லத்தீன்-1தான். அன்று அமைத்த அட்டவணைகள் தாமாக மாறிவிடுவதில்லை.

திரையில் தலைக்கோடு போட்ட ஆங்கில ‘ஏ’வும் வட்டத்துக்குள் ‘ஆர்’ரும் ஜோடி ஜோடியாக வந்தால் பயம் வேண்டாம். யூடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட். அவற்றைத் தனித்தனி லத்தீன் எழுத்தாகப் படித்ததன் விளைவு அது. பெரும்பாலும் தரவு பத்திரமாகவே இருக்கும். டெம்ப்ளேட்டின் தலைப்பகுதியில் யூடிஎஃப்-8 என்று எழுதியும் சரியாகவில்லையா? சர்வர் அனுப்பும் தலைப்பைப் பாருங்கள். இரண்டும் முரண்பட்டால் உலாவி சர்வர் சொல்வதைத்தான் கேட்கும். குழம்பிய எழுத்தை அப்படியே திருத்திச் சேமிப்பதுதான் பெரும் ஆபத்து, சிக்கல் இரட்டிப்பாகும். வெறும் கட்டங்கள் தெரிந்தால், குறை பெரும்பாலும் எழுத்துருவில்.

என் கவலை வேறு. தமிழ் உடைந்ததும் கைக்கு வரும் குறுக்குவழி, ‘ஆங்கிலத்திலேயே போட்டுவிடுங்கள்’ என்பது. பெரம்பலூர் மாவட்டத்தில் ஓர் ஆலத்தூர், கேரளத்தின் பாலக்காட்டில் இன்னொன்று. ஆங்கிலப் பதிவில் ‘நாடு’ உதிர்ந்துவிட்டால் கொல்லிமலை ஆலத்தூரோடு சேர்ந்து மூன்றும் ஒரே ஊர்தான். சாதிச் சான்றிதழ் இல்லாமல் கல்விச் சலுகை கிடைக்காத, ‘மலையாளி’ எனப்படும் கொல்லிமலைப் பழங்குடிப் பிள்ளைக்கு ஊர்ப் பெயர் அலங்காரமல்ல. ஒரு சான்றில் ஒரு வடிவம், மற்றொன்றில் வேறு வடிவம் என்றால் மலையிறங்கி அலைய வேண்டியது அந்தக் குடும்பம்தான். மென்பொருள் செய்த பிழைக்கு அவர்கள் ஏன் பேருந்துக் கட்டணம் கொடுக்க வேண்டும்?

2010இலேயே தமிழக அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றுவிட்டது, இது பழைய கதை என்பாரும் உண்டு. புதிய தளங்களுக்கு அது பொருந்தும், பழைய அட்டவணைகளுக்கு அல்ல.

தளம் கட்டுவோருக்கு ஒரு வேண்டுகோள். ஒப்படைப்பதற்கு முன் ‘ஆலத்தூர் நாடு’ என்று தமிழில் உள்ளிட்டு, அட்டவணையிலும் திரையிலும் அச்சிலும் பாருங்கள். விண்ணப்பிப்பவர்களே, ஒப்புகைச் சீட்டில் உங்கள் ஊர் கேள்விக்குறியாக வந்தால் வாங்கிக்கொண்டு போய்விடாதீர்கள். அன்றைக்கே திருத்தித் தரச் சொல்லுங்கள்.