காமாலைக்கு எந்த ஸ்கேன்?



ஒரே கல்லீரலைப் பார்க்க எதற்கு இத்தனை விதமான ஸ்கேன் என்று உங்களில் சிலர் கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான். காணிக்கை கொடுக்கிறவர்களுக்கு விளக்கம் சொல்ல நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

கண்கள் மஞ்சளாகி, உடம்பெல்லாம் அரிப்போடு ஒருவர் வருகிறார். மருத்துவர் முதலாவது அறிய வேண்டியது, காமாலை கல்லீரல் அழற்சியால் வந்ததா, பித்தநாளம் அடைபட்டதால் வந்ததா என்பதே. அழற்சியானால் பெரும்பாலும் ஓய்வும் மருந்தும் போதும். அடைப்பானால், கீழாநெல்லி கொடுத்துக் காத்திருக்கிற நாட்களில் தேங்கிய பித்தத்தில் கிருமி பெருகி உயிருக்கே ஆபத்தாகிவிடலாம்.

இதைப் பிரித்தறிய முதலில் செய்வது அல்ட்ராசவுண்ட். ஆறு மணி நேரம் வெறும் வயிறு, பிறகு சிறிது நேரப் பரிசோதனை. செலவு குறைவு, கதிர்வீச்சு இல்லாததால் கர்ப்பிணிகளுக்கும் செய்யலாம். பித்தநாளம் சாதாரணமாக 6 மில்லிமீட்டர் அகலத்துக்குள் இருக்கும். நன்றாக விரிந்திருந்தால் கீழே அடைப்பு என்று சந்தேகிக்கிறோம். பித்தப்பைக் கல்லையும் இது நன்றாகக் காட்டும். ஆனால் நாளத்தின் கீழ்முனையைக் குடலிலுள்ள காற்று மறைத்துவிடுகிறது. கல் வந்து சிக்கிக்கொள்வதோ பெரும்பாலும் அங்கேதான்!

சி.டி. ஸ்கேன் எடுத்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்று நோயாளியின் வீட்டார் நினைக்கிறார்கள். கணையத்தின் தலைப்பகுதியில் வரும் புற்றுக்கட்டியைப் பார்க்க அது சிறந்ததே. ஆனால் கொலஸ்ட்ராலால் ஆன கற்கள் பல அதில் தெரிவதில்லை.

அங்கே உதவுவது 1991-ல் அறிமுகமான எம்.ஆர்.சி.பி. காந்த சக்தியால் பித்தநீரையே வெண்மையாகக் காட்டி, நாளம் முழுவதையும் மரக்கிளைபோலப் படமாக்குகிறது. சாய ஊசி வேண்டாம். மூச்சை அடக்கி அசையாமல் படுத்திருந்தால் போதும். கட்டணம்தான் ஏழைகளுக்கு எட்டாதது. உங்கள் உதவி அதிகமாய்த் தேவைப்படுவது இதற்கே.

இதற்கு முன்னெல்லாம் அந்தப் படத்துக்காக வாய்வழியே எண்டோஸ்கோப்பைச் செலுத்தி இ.ஆர்.சி.பி. செய்வார்கள். 1968-ல் தொடங்கிய முறை அது. நூற்றில் சிலருக்கு அதனால் கணைய அழற்சி உண்டாகிறது. படம் பார்ப்பதற்காக மட்டும் அந்த ஆபத்தை ஏற்பது தகாது. ஆகவே இப்போது கல்லை எடுக்கவும், அடைப்பில் ஸ்டென்ட் வைக்கவுமே பெரும்பாலும் அதைச் செய்கிறோம்.

உங்களுக்குத் தெரிந்தவர்களில் யாருக்காவது காமாலையோடு குளிர்காய்ச்சலும் வயிற்றுவலியும் இருந்தால், எந்த ஸ்கேனுக்காகவும் வெளியே அலையவிடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்கு அனுப்பிவிடுங்கள்.