வளையம் தந்த பார்வை

உங்கள் வீட்டுப் பரணிலோ, மாமனாரின் இரும்பு பீரோவிலோ, தோல் உறைக்குள் ஒரு பழைய காமிரா தூங்கிக் கொண்டிருக்கிறதா? கொஞ்சம் வெளியே எடுத்துப் பாருங்கள். மாமியாரின் கல்யாணக் கோலமும், மொட்டைத் தலையுடன் உங்கள் கணவர் சிரிக்கும் படமும் அதில் பிடிக்கப்பட்டவையாக இருக்கலாம். "பிலிம் வாங்கவும், கழுவவும் யார் அலைவது?" என்று அதைப் பழைய சாமான்காரரிடம் போட்டுவிடத் தீர்மானித்திருந்தால், ஒரு நிமிஷம் பொறுங்கள். காமிராவுக்கு வயதாகியிருக்கலாம், அதன் லென்ஸுக்குப் பார்வை இன்னும் போகாமல் இருக்கலாம் அல்லவா?

முதலில் அது எந்த ஜாதிக் காமிரா என்று தெரிந்து கொள்ள வேண்டும். அக்ஃபா கிளிக் போன்ற பெட்டிக் காமிராக்களில் லென்ஸைக் கழற்ற முடியாது. ஞாபகார்த்தமாக அலமாரியில் வைத்துக் கொள்ளலாம். ஆனால் லென்ஸுக்கு மேலே முகப்பில் சின்னச் சின்ன ஜன்னல்கள் இருந்து, லென்ஸும் திருகினால் கழன்று வந்தால், உங்களுக்கு யோகந்தான்! அது ரேஞ்ச்ஃபைண்டர் வகையைச் சேர்ந்தது. அதன் வழியே பார்த்தால் எதிரே நிற்பவர் இரட்டையாகத் தெரிவார். லென்ஸைத் திருகத் திருக, இரண்டு உருவமும் நெருங்கி வந்து ஒன்றாகும். ஒன்றான இடத்தில்தான் படம் தெளிவாக விழும்.

இந்த வகையில் பெயர் பெற்றது ஜெர்மனியில் 1925-ல் விற்பனைக்கு வந்த லைகா. பிறகு அதில் 39 மில்லிமீட்டர் அகலமுள்ள மரை வாய் வைத்தார்கள். சோவியத் யூனியனின் ஃபெட், ஜோர்க்கி காமிராக்களும், ஜப்பானின் கானனும் அதே மரையைப் பின்பற்றின. 1950 ஏப்ரலில், திருவண்ணாமலையில் ரமண மகரிஷியின் கடைசி நாட்களைப் படம் பிடித்த பிரெஞ்சுக்காரர் ஆன்றி கார்த்தியே-ப்ரெஸோனின் கையில் இருந்ததும் லைகாதான்.

சரி, பழைய லென்ஸை இன்றைய காமிராவில் மாட்டினால் என்ன?

குழந்தைகள் பூதக்கண்ணாடியால் வெயிலைக் குவித்துக் காகிதத்தைப் பொசுக்குவார்களே, பார்த்திருப்பீர்கள். கண்ணாடியைச் சற்றே மேலே தூக்கினாலும், கீழே இறக்கினாலும் அந்தச் சுடர்ப் புள்ளி பரந்து போகிறது. காமிரா லென்ஸின் கதையும் அதுதான். மரை வாய் லைகாவில், லென்ஸ் உட்காரும் விளிம்பிலிருந்து பிலிம் வரை 28.8 மில்லிமீட்டர். எந்தக் காமிராவில் மாட்டினாலும் அந்த இடைவெளி மாறக்கூடாது.

1954-ல் லைகாக்காரர்களே மரையை விட்டுப் புதிய பூட்டு வாய்க்கு மாறினார்கள். அப்போது இடைவெளியை 27.8 ஆக வைத்துக் கொண்டார்கள். ஏன் தெரியுமா? சரியாக 1 மில்லிமீட்டர் கனமுள்ள வளையத்தை இடையில் போட்டால் பழைய லென்ஸ்கள் அத்தனையும் புதுக் காமிராவில் வேலை செய்யும்! பழையதைத் தூக்கி எறியச் சொல்லாத நல்ல மனசு!

ஆனால் நிக்கான் போன்ற எஸ்.எல்.ஆர். காமிராக்களின் வயிற்றுக்குள் ஒரு சிறு முகக்கண்ணாடி ஏறி இறங்க வேண்டும். அதனால் அங்கே இடைவெளி 46.5 மில்லிமீட்டர். லைகா லென்ஸை அதில் வைத்தால் பக்கத்துப் பூ தெரியும். எதிர் வீடு தெரியாது. 2008-லிருந்து, அந்த முகக்கண்ணாடி இல்லாத மிர்ரர்லெஸ் காமிராக்கள் வரத் தொடங்கின. சோனியின் இந்த வகைக் காமிராவில் இடைவெளி 18 மில்லிமீட்டர்தான். மிச்சம் 10.8 மில்லிமீட்டர். அந்தக் கனத்துக்கு ஓர் உலோக வளையம் போட்டால் கணக்கு சரியாகி விடுகிறது. இதைத்தான் அடாப்டர் என்கிறார்கள்.

வளையம் வாங்கும்போது ஒரு ஜாக்கிரதை. ரஷ்யாவின் ஸெனிட் காமிரா லென்ஸ்களில் சிலவற்றுக்கும் இதே 39 மில்லிமீட்டர் மரை உண்டு. ஆனால் அவற்றின் இடைவெளி 45.2. மூடி பொருந்துகிறது என்பதற்காக எல்லா ஜாடியும் ஒரே ஜாடியாகி விடுமா? லென்ஸின் பெயரைக் காட்டிக் கேட்டு வாங்குங்கள். உள்ளே அமுங்கும் குழாய் உள்ள லென்ஸானால், புதுக் காமிராவில் மாட்டியபின் அதை உள்ளே அழுத்தவே கூடாது. காமிராவின் உள் பாகத்தில் இடித்துவிடும்.

வளையம் கால் காசு கனம் பிசகினாலும் ஆபத்து! 50 மில்லிமீட்டர் லென்ஸில் வளையம் பத்தில் ஒரு மில்லிமீட்டர் கூடுதல் கனமாக இருந்தால், 25 மீட்டருக்கு அப்பால் எதுவுமே கூர்மையாக விழாது. இதைச் சோதிக்கத் தொலைதூரம் வேண்டும். சமுத்திரத்தைவிட நல்ல இடம் உண்டா?

சென்னையிலிருந்து மாமல்லபுரம் போகும் வழியில், சுமார் 40 கிலோமீட்டரில் இருக்கிறது கோவளம். மாலையில் போங்கள், சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும். கரையில் நிற்பவருக்கு அடிவானம் சுமார் 4.5 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. லென்ஸைத் தொலைதூரக் குறி வரை திருகி, அங்கே போகும் மீன்பிடிப் படகைப் பாருங்கள். காமிராவின் பின்திரையில் படகைப் பெரிதாக்கிப் பார்க்கும் வசதி உண்டு. விளிம்பு கத்திபோல் தெரிந்தால் வளையம் நல்ல வளையம். படம் எடுக்கவே மறுத்தால் பயப்படாதீர்கள். 'லென்ஸ் இல்லாமலும் எடு' என்ற கட்டளையைக் காமிராவின் பட்டியலில் தேடிப் போட்டுவிடுங்கள். பழைய லென்ஸோடு பேச அதற்குத் தெரியாது!

லென்ஸை மட்டும் வீட்டிலேயே மாட்டிக் கொண்டு போங்கள். கடற்காற்றும் மணலும் காமிராவின் திறந்த வாய்க்கு விரோதிகள். திரும்பி வந்ததும் தோல் உறையில் போடாதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக் கொள்ளும்; கண்ணாடியில் சிலந்தி வலை போலப் பூஞ்சை படரும். இறுக மூடும் சம்படத்தில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் வையுங்கள். ஏற்கனவே பூஞ்சை இருந்தால் நீங்களே துடைக்க முயல வேண்டாம். பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள்.

இந்த லென்ஸ் தானாக எதையும் செய்யாது. தூரத்தையும் வெளிச்சத்தையும் உங்கள் விரல்தான் திருகித் தீர்மானிக்க வேண்டும். நின்று, நிதானித்து எடுக்க வேண்டும். அதனால் என்ன? மாமனாரும் அப்படித்தானே எடுத்தார்! அவர் தம் பிள்ளையைப் பார்த்த அதே கண்ணாடி வழியாக, நீங்கள் அந்தப் பிள்ளையின் பிள்ளையைப் பார்க்கலாம். பழைய சாமான்காரர் அதற்கு என்ன விலை கொடுத்துவிடப் போகிறார்?