நியூட்ரினோவைப் பிடிக்க மலை எதுக்கு? தேனி திட்டம் என்ன ஆச்சு?

தாம்பரத்தில் நீலச் சட்டையோட எலெக்ட்ரிக் ட்ரெயின் ஏறுறவர், கிண்டியில் பச்சைச் சட்டை, பீச் ஸ்டேஷன்ல மறுபடி நீலம்னு இருந்தா எப்படி இருக்கும்? நியூட்ரினோ கிட்டத்தட்ட அப்படித்தான். எலெக்ட்ரான், மியூவான், டாவ் என மூன்று வகை. போகிற வழியிலேயே வகை மாறும். இதுதான் 'நியூட்ரினோ அலைவு'.

மலை எதுக்கு?

சூரியனில் இருந்து மட்டும் நொடிக்கு சுமார் 6,500 கோடி நியூட்ரினோக்கள் உங்க விரல் நகத்தைக் கடக்கின்றன. எதிலாவது மோதுவது அபூர்வம். தரைமேல் காஸ்மிக் கதிர்களின் தொந்தரவு அதிகம். பாறை அதைத் தடுக்கும், நியூட்ரினோவைத் தடுக்காது. கோலார் தங்கச் சுரங்கத்தில் 1965-லேயே நியூட்ரினோ பதிவானது.

ஜப்பானின் சூப்பர்-கமியோகாண்டே 1998-ல் ஒன்றைக் காட்டியது: பூமியைத் துளைத்துக் கீழிருந்து வரும் மியூவான் வகை, எதிர்பார்த்ததைவிடக் குறைவு. வழியில் வகை மாறிடுச்சு. மாறணும்னா நிறை இருக்கணும். இதற்கு 2015-ல் நோபல்.

தேனியில் என்ன?

மூன்று நிறைகளில் எது அதிகம், எது குறைவு? இதைக் கண்டுபிடிக்க, பொட்டிபுரம் மலைக்குள் 50,000 டன் இரும்பு டிடெக்டர் அமைக்க 2015-ல் மத்திய அரசு ஒப்புதல் தந்தது. மலைக்கும் தண்ணீருக்கும் ஆபத்துன்னு மக்கள் எதிர்த்தாங்க. அனுமதிக்க முடியாதுன்னு 2022-ல் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. அதே கேள்வியோட சீனாவின் ஜூனோ 2025 ஆகஸ்டில் வேலையைத் தொடங்கிடுச்சு.

நியூட்ரினோ நம்மை ஒண்ணும் செய்யாது. மலையைக் குடைவது வேற விஷயம். ரெண்டையும் குழப்பிக்காம பேசணும்.