எரியாத நார்

நெருப்பிலிட்டாலும் எரியாத நார் ஒன்று பாறையில் கிடைக்கிறது. ஆஸ்பெஸ்டாஸ் எனப்படும் கல்நாரே அது. எரிதல் என்பது பிராணவாயுவுடன் கூடுதலாகும். கல்நாரிலுள்ள சிலிக்கனும் மக்னீசியமுமோ முன்னரே பிராணவாயுவுடன் கூடியவை. ஆகவே நெருப்புக்கு அதில் இரை இல்லை. நெருப்பிலிட்டு வெளுக்கப்படும் துணியைப் பற்றி மார்க்கோ போலோவும் 13ஆம் நூற்றாண்டிலேயே கூறியுள்ளார்.

ஆனால், எரியாத அந்நார் நுரையீரலில் தங்கினாலும் அழிவதில்லை. அதன் தூசியைச் சுவாசித்தோருக்கு 20, 30 ஆண்டுகள் கழித்தும் புற்றுநோய் தோன்றக்கூடும். இதனாலேயே 2005ஆம் ஆண்டு ஐரோப்பிய ஒன்றியம் அதனைத் தடை செய்தது.

உங்கள் வீட்டுக் கூரை ஆஸ்பெஸ்டாஸ் தகடாயின் கலங்க வேண்டாம். சிமெண்ட்டில் இறுகியிருக்கும் வரை ஆபத்து குறைவே. ஆயினும் அதனை அறுக்காதீர்கள், துளையிடாதீர்கள், உடைந்த துண்டுகளைக் குழந்தைகளின் கைக்கு எட்ட விடாதீர்கள்.