தங்கம் திருப்பித் தரும் வெளிச்சம்

தாம்பரம், சேலையூர், மேடவாக்கம், பெருங்களத்தூர் பக்கம் புதிதாக எழும் அடுக்குமாடி வீடுகளில் ஹால் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். வெள்ளைச் சுவர், பளபளக்கும் டைல்ஸ் தரை, 6500 கெல்வின் என்று பெட்டியில் அச்சிட்ட எல்.இ.டி. டியூப்லைட். பகலில் குறை தெரியாது. இருட்டி விளக்கைப் போட்டதும் சுவர்கள் வெளிறிவிடும். சுவரில் ஒரு படம் மாட்டலாமே என்ற எண்ணம் அப்போதுதான் வரும். நல்ல எண்ணம். ஆனால் எந்தப் படம் அறைக்கு இதம் தரும் என்பது படத்தை மட்டும் பொறுத்ததில்லை. அதன்மேல் விழுந்து நம் கண்ணுக்குத் திரும்பும் ஒளியையும் பொறுத்தது. இந்தச் சூட்சுமத்தைக் கையாலேயே கற்றவர்கள் தஞ்சாவூர்ச் சித்திரக்காரர்கள்.

முதலில் விளக்கு. ஒரு பொருளைச் சூடேற்றினால் முதலில் செந்நிறத்தில் ஒளிரும். இன்னும் சூடேற மஞ்சளாகும், வெண்மையாகும், பிறகு நீலம் கலக்கும். இந்த வரிசையைத்தான் கெல்வின் எண் குறிக்கிறது. அகல்விளக்கின் சுடர் 1900 கெல்வினை ஒட்டியது. பழைய குண்டு பல்பு சுமார் 2700. 6500 என்றால் மேகமூட்டமான நண்பகல் வானத்தின் வெளிச்சம். எண் ஏற ஏற நீலம் கூடுகிறது, நம் கண்ணுக்கோ குளிர்ச்சியாகத் தெரிகிறது. மாலை வெயிலும் அடுப்பு நெருப்பும் சுடரும் காலங்காலமாக மனிதருக்குப் பழகியவை. அந்தச் செம்மஞ்சளைக் கண்டால் மனம் தளர்ந்து இளைப்பாறுகிறது. ஆனால் அந்த நிறத்தால் அறையின் வெப்பம் ஒரு டிகிரிகூட ஏறாது. கத்திரி வெயிலில் வேகும் ஊருக்கு இது நல்ல செய்திதான்.

இனி தஞ்சாவூர் ஓவியம். மராட்டிய மன்னர்கள் காலத்தில், குறிப்பாக 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜியின் நாளில் செழித்த கலை இது. பலாப்பலகையின்மேல் துணி ஒட்டி, சுண்ணப்பொடியும் பசையும் பூசித் தேய்த்து, கோடு வரைந்துகொள்வார்கள். நகை, மாலை, தூண், திருவாசி வரும் இடங்களில் 'மக்கு' வைத்துப் புடைப்பாக எழுப்பி, கல் பதித்து, மேலே தங்க ரேக்கை ஒட்டுவார்கள். தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனால் பழைய ஓவியங்களைப் பார்க்கலாம்.

அந்தப் புடைப்பில் ஒரு காரியம் இருக்கிறது. தட்டையான தங்கத் தகடு கண்ணாடியைப் போல ஒரே திசையில் ஒளியைத் திருப்பும். ஓரிடத்தில் கண் கூசும், மற்ற இடத்தில் கறுத்துத் தெரியும். மக்கு வேலையின் வளைவுகளோ பல திசைகளில் ஒளியைத் திருப்புகின்றன. நாம் அறைக்குள் நடக்க நடக்க மின்னல் ஒரு முத்திலிருந்து அடுத்ததற்குத் தாவுகிறது. எண்ணெய்விளக்கு மட்டுமே எரிந்த பூஜையறையில் சுடர் அசையும்போது படமே மூச்சுவிடுவதாகத் தோன்றும்.

இதைவிட ஆச்சரியம் தங்கத்தின் நிறத்திலேயே இருக்கிறது. மஞ்சள் பெயின்ட் பூசிய பொருளின்மேல் வெள்ளை விளக்கைப் பிடியுங்கள்: பொருள் மஞ்சள், அதன்மேல் தெரியும் மினுக்கம் வெள்ளை. தங்கத்தில் அந்த மினுக்கமே மஞ்சள். வெள்ளி வெள்ளையாக இருக்க, தங்கம் மட்டும் ஏன் இப்படி? விடை ஐன்ஸ்டைனின் சார்பியல் கோட்பாட்டில் இருக்கிறது. தங்க அணுவின் கருவில் 79 புரோட்டான்கள். அந்த இழுவிசையில் உட்புற எலக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தில் பாதிக்கும் மேலான வேகத்தை எட்டுகின்றன. அந்த வேகத்தில் அவற்றின் நிறை கூடி, சுற்றுப்பாதை சுருங்குகிறது. அதன் விளைவு வெளிப்புறம் வரை எட்டி, இரண்டு ஆற்றல் மட்டங்களுக்கு இடையிலான தூரத்தைக் குறைத்துவிடுகிறது. வெள்ளியில் அந்தத் தூரத்தைத் தாண்டப் புறஊதாக் கதிர் வேண்டும். தங்கத்தில் நீல ஒளியே போதும். ஆகவே தங்கம் நீலத்தை விழுங்கிவிட்டு மஞ்சளையும் சிவப்பையும் நமக்குத் திருப்பித் தருகிறது. நீலம் மிகுந்த டியூப்லைட் வெளிச்சம் தங்க ரேக்கில் பட்டு வரும்போது இதமாகத் தெரிவதன் காரணம் இதுதான்.

தங்க ரேக்கு வாங்க எல்லாராலும் முடியாது. மலிவான மஞ்சள் ரேக்கு செம்பும் துத்தநாகமும் கலந்தது. ஈரக்காற்றில் நாளடைவில் கறுக்கும். அதற்குப் பதிலாகக் காவி, செம்மண், மஞ்சள்மண் நிறங்கள் மேலோங்கிய ஓவியத்தைத் தேடலாம். அவற்றிலுள்ள இரும்புச் சேர்மங்களும் நீலத்தை விழுங்குபவையே. ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று 1966-இல் ஈஞ்சம்பாக்கத்தில் ஓவியர்கள் தங்கள் கைவினைப் பொருள்களை விற்ற காசில் நிலம் வாங்கி உருவாக்கிய சோழமண்டலம் கலைஞர் கிராமம் அதிக தூரமில்லை. அச்சுப்படங்களை மட்டுமே பார்த்துப் பழகிய கண்ணுக்கு, தூரிகையின் தடமுள்ள ஓவியம் சுவரில் எப்படி நிற்கிறது என்பது அங்கே புரியும். வீட்டிலுள்ள பழைய குடும்பப் புகைப்படத்துக்குத் தேக்குச் சட்டம் போட்டால், அந்த மரத்தின் நிறமே பாதி வேலையைச் செய்துவிடும்.

படம் வந்தபின் விளக்கைக் கவனியுங்கள். சாதாரண வெள்ளை எல்.இ.டி.யில் நீலம் மிகுதி, ஆழ்ந்த சிவப்பு குறைவு. குங்குமச் சிவப்பு அதில் மங்கும். படத்துக்கென்று 2700 முதல் 3000 கெல்வின் வரையுள்ள சிறு விளக்கு ஒன்றை, நிறக்காட்டும் திறன் எண் (CRI) 90-க்கு மேல் இருக்கும்படி வாங்கி, மேலிருந்து சாய்வாக விழச் செய்யுங்கள். சட்டத்தின் கண்ணாடி, தன்மேல் விழும் ஒளியில் ஏறக்குறைய 8 சதவீதத்தை அப்படியே திருப்பிவிடும். எனவே ஜன்னலுக்கு நேரெதிரே மாட்டினால் படத்தில் தெருதான் தெரியும். நேர்வெயில் படும் சுவரும் வேண்டாம். நீர்வண்ண ஓவியத்துக்கும் அச்சுப்படத்துக்கும் அருங்காட்சியகங்கள் 50 லக்ஸ் அளவு வெளிச்சமே போதும் என்கின்றன. நேர்வெயிலோ ஒரு லட்சம் லக்ஸைத் தொடும்.

நம் பகுதிக்கே உரிய எதிரி ஒன்று உண்டு: ஐப்பசி, கார்த்திகை மழையில் வெளிச்சுவரில் ஏறும் ஓதம். பலகையும் சுண்ணப்பூச்சும் ஈரத்தை வெவ்வேறு அளவில் உறிஞ்சுவதால் ஒன்று உப்ப மற்றது விரிசல் விடும். படத்தை உட்சுவரில் மாட்டி, சட்டத்தின் பின்மூலைகளில் ரப்பர்த் துண்டு ஒட்டிக் காற்றோட இடைவெளி விடுங்கள். ஓவியத்தைக் கண்ணாடி தொடாதபடி ஃபிரேம் கடையில் கேட்டு வாங்குங்கள். ஈரத்துணியால் துடைக்கவே வேண்டாம்.

பெரிய படம், விலையுயர்ந்த படம் என்று அலைய அவசியமில்லை. மாலை ஆறு மணிக்குமேல் வீட்டார் எங்கே உட்காருகிறார்கள் என்று பாருங்கள். அங்கிருந்து பார்க்கும் கண்மட்டத்தில், நீலத்தை விழுங்கிச் செம்மஞ்சளைத் திருப்பித் தரும் ஒரே ஒரு படமும் அதற்கேற்ற விளக்கும் இருந்தால் போதும். தரையில் பாய் விரித்து உட்காரும் குடும்பமென்றால் ஆணியைத் தயங்காமல் கீழே இறக்குங்கள். அந்தச் சுவர் அவர்களுக்கானது.