மேலே ஏற இடமில்லாத மலர்கள்



எங்கள் தோட்டப் பள்ளி மாணவி ஒருத்தி கேமரன் மலைக்குச் சென்றபோது ஓர் ஆர்க்கிட் செடி வாங்கி வந்தாள். காட்டிலிருந்து எடுத்தது என்று சொல்லியே விற்றார்களாம். வீட்டு வாசலில் கட்டித் தொங்கவிட்டு, காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தாள். ஒரு மாதத்திற்குள் செடி கருகிவிட்டது. "நான் என்ன தவறு செய்தேன், ஐயா?" என்று கேட்டாள்.

அவள் வளர்ப்பில் தவறில்லை. நூறு மீட்டர் உயரம் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய அரை டிகிரி குறையும். குளிரில் பிறந்த செடி கிள்ளான் வெயிலைத் தாங்கவில்லை.

அந்தச் செடியை நாம் வெப்பத்திற்கு இறக்கிக் கொண்டுவந்தோம். இப்போது வெப்பமே மலைக்கு ஏறிச் செல்கிறது. நிலக்கரியும் எண்ணெயும் எரிந்து வரும் புகை உலகைச் சூடாக்குவதே காரணம்.

நம் நாட்டின் மிக உயரமான மலை சபாவிலுள்ள கினபாலு. உயரம் 4,095 மீட்டர். அதன் உச்சிப் பாறைகளிடையே ஊசி போன்ற சிற்றிலைகளும் சிவந்த பூக்களும் கொண்ட ரோடோடென்ட்ரன் புதர் ஒன்று வளர்கிறது. உலகில் வேறெங்கும் அது இல்லை. 1965இல் அம்மலையில் அந்துப்பூச்சிகளைக் கணக்கெடுத்த ஆய்வாளர்கள், 2007இல் மீண்டும் கணக்கெடுத்தார்கள். பூச்சிகள் சராசரியாக 67 மீட்டர் மேலே ஏறியிருந்தன. பூச்சிக்குச் சிறகு உண்டு. செடியோ விதை விழுந்த இடத்தில்தான் முளைக்கும். உச்சியில் இருக்கும் செடி இன்னும் எங்கே ஏறும்?

மனிதர் கையும் சும்மா இருக்கவில்லை. அதே மலையின் கீழ்ச்சரிவில் பூக்கும் ரோத்ஸ்சைல்ட் ஆர்க்கிட் மிக அரியது. அதை விலைக்காக வேரோடு பிடுங்கிச் சென்றவர்கள் பலர். 1964இல் கினபாலு தேசியப் பூங்காவானது. காட்டில் எடுத்த அந்தச் செடியை வெளிநாட்டுக்கு விற்கப் பன்னாட்டு ஒப்பந்தமும் தடை விதித்துள்ளது. இருந்தும், வாங்குவோர் உள்ளவரை திருடுவோரும் இருப்பர்.

பிரிக்பீல்ட்ஸ் கடைகளில் நாம் வாங்கும் மல்லிகை பயிரிட்டு வளர்த்தது. இன்று பூவைப் பறித்தாலும் கொடி நிற்கும். நாளை மீண்டும் மொட்டு விடும். வேரோடு பிடுங்கிய காட்டுச் செடிக்கு மறுநாள் இல்லை.

உலகம் சூடாவதை ஒரு குடும்பம் மட்டும் நிறுத்திவிட முடியாது. ஆனால் செடி வாங்கும்போது, "இது வளர்த்ததா, காட்டில் பிடுங்கியதா?" என்று கேட்க நம்மால் முடியும். பிடுங்கியது என்றால் வாங்காமல் வரவும் முடியும்.

அந்த மாணவியின் வாசலில் இப்போது செம்பருத்தி பூக்கிறது. நம் வெயில் அதற்குப் பழக்கம்.